அட்டையில் இருந்த பிள்ளை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பீப்பாய் செய்கிற கம்பெனி ஒன்றில் சுமலதா பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். வயது நாற்பத்தைந்து. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். ஷிப்டை இஷ்டத்துக்கு மாற்றுகிற மேனேஜரிடமும் சண்டை போடுவாள், கேன்டீனில் ஊசிப்போன சாம்பாரை ஊற்றுகிறவனிடமும் சண்டை போடுவாள். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே ஆளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். கோபத்தை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்புசெல்வன் அந்தப் பார்சலைப் பிரித்த மத்தியானம் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

அன்புசெல்வன் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். ஆரணிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பையன். கல்யாணம் ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். பழைய இங்கிலீஷ் இசைத்தட்டு என்றால் அவனுக்குப் பைத்தியம். அன்றைக்கு லண்டனிலிருந்து வந்த ஒரு தட்டை, சாப்பாட்டு நேரத்தில் மேஜைமேல் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மெதுவாக உறை பிரித்துக்கொண்டிருந்தான்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்ட தட்டு அது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடிய துயரப் பாட்டை எடுத்து, மின்சார கிட்டாரில் உரக்க வாசித்துப் பேர் வாங்கிய நாலு இங்கிலாந்துப் பையன்கள் போட்டது. தட்டின் பெயருக்குத் தமிழில் 'கரையோரத் தூக்கம்' என்று அர்த்தம் வரும். இப்போது அதன் ஒலியை மெருகேற்றி, கனமான அட்டையும் படங்கள் நிறைந்த ஒரு புத்தகமும் சேர்த்து மறுபடி வெளியிட்டிருந்தார்கள்.

அட்டையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மணலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கவிழ்த்துப் போட்ட படகு. அவள் மடியில் நாலு வயசுப் பையன் ஒருவன் வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறான். அவள் கண் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. பாட்டைக் கேட்டவர்களைவிட அந்தப் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள் அதிகம் என்று அன்புசெல்வன் அடிக்கடி சொல்வான். ஆனால் அது எந்த ஊர், அந்தப் பெண் யார் என்பது இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்த்த புத்தகத்தில்தான் முதல் தடவையாக ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார்கள். பழவேற்காடு.

அவன் எழுந்து சுமலதாவிடம் ஓடினான்.

"அக்கா, நீங்க பழவேற்காடுதானே? இந்த அம்மாவைப் பாருங்க. உங்க மொகம் மாதிரியே இல்ல?"

சுமலதா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற வெட்டுத் தழும்பு. தாடையில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் அம்மா செங்கம்மாள், இருபது வயதில்.

அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் ஹாலுக்குப் போய் எல்லோரிடமும் காட்டினாள். எங்கம்மா லண்டன் வரைக்கும் போயிருக்கா பாருங்கடி என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி அந்த அட்டையோடு சுமலதாவை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். மடியில் இருந்த பையன் யார் என்று யாரோ கேட்டதற்கு, பக்கத்து ஊட்டுப் புள்ளயா இருக்கும் என்று சுமலதா சொன்னாள். அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து இறந்துபோனதாக எப்போதோ காதில் விழுந்திருந்தது. அவள் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசியதில்லை. அந்த நிமிஷம் அது அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அன்புசெல்வனைக் கூட்டிக்கொண்டு அவள் குப்பத்துக்குப் போனாள். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அந்தக் குப்பத்துக்கு இப்போது பாலம் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து பஸ், அதற்குமேல் ஷேர் ஆட்டோ. செங்கம்மாள் தன் மகன் ஏழுமலையோடு அங்கேதான் இருந்தாள். அவர்கள் போனபோது வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயது என்றாலும் விரல்கள் தடுமாறவில்லை.

இந்தத் தருணத்தைப் படம் பிடிக்கவேண்டும் என்று அன்புசெல்வனுக்கு ஆசை. போனை நீட்டிப் பிடித்தபடி நின்றான். சுமலதா அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து, திடீரென்று அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது யார்னு சொல்லு பாப்போம்."

செங்கம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு விரலால் அந்தப் பையனின் நெற்றியைத் தொட்டாள். 

அம்மாவுக்குப் புரியவில்லை போல என்று நினைத்து அன்புசெல்வன் விளக்க ஆரம்பித்தான். இந்தப் படம் உலகம் முழுக்கப் பிரபலம், இதைப் பார்த்தாலே மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், அந்தக் குழந்தை தூங்குகிற அழகை வைத்துத்தான் தட்டுக்கே பெயர் வைத்தார்கள் என்றான்.

"தூங்கல நைனா," என்றாள் செங்கம்மாள். "செத்துக் கெடக்கறான்."

அன்புசெல்வன் கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுமலதா ஒரே அடியில் அதைத் தட்டிவிட்டாள். அது இறால் தொட்டியில் போய் விழுந்தது.

அப்புறம் செங்கம்மாள் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, யாரையும் பார்க்காமல், மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். புயல் அடித்து ஓய்ந்த வாரம். பிள்ளையின் பெயர் தேசப்பன். வாந்தியும் பேதியுமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பாலம் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு ஏரியைத் தாண்டித்தான் போகவேண்டும். குப்பத்துப் படகுகள் எல்லாம் புயலில் உடைந்து கிடந்தன. ஆண்கள் கரையோரமாக நடந்தே உதவி தேடிப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக்காரன் இன்ஜின் படகில் வந்தான். பூநாரைகளைப் படம் எடுக்க வந்தவன். அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். ஒரு கையை நீட்டி ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்து, கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தான். கையை ஆட்டிவிட்டுப் பறவைகள் இருந்த பக்கம் போய்விட்டான்.

"வெள்ளக்காரனுக்குப் பாஷ தெரியாது. படக ஓட்டிக்கினு வந்தவன் நம்மாளுதான். அவனுக்குக் காது கேட்டுது. மூஞ்சத் திருப்பிக்கினான்."

சாயங்காலம் அந்தப் படகு திரும்பி வந்தபோது பிள்ளை போய்ச் சேர்ந்திருந்தான். அவளுக்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. கவிழ்ந்த படகின் நிழலில் பிள்ளையை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரன் இறங்கி வந்தான். பிள்ளை எழுந்துவிடப் போகிறான் என்று, கூட வந்தவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். சத்தம் போடாமல் மண்டி போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனான்.

அன்புசெல்வனின் முகம் செத்துப்போயிருந்தது. அவன் கையில் இருந்த புத்தகத்தை சுமலதா பிடுங்கிப் புரட்டினாள். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது இன்னொரு படம், இதுவரை வெளிவராதது. முழங்கால் தண்ணீரில் செங்கம்மாள் ஒரு கையை நீட்டியபடி ஓடிவருகிறாள். இடுப்பில் தேசப்பன். கண் திறந்திருக்கிறது. அம்மாவின் தோளைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறான். கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"இன்னா எய்திக்கிறான்?" என்று செங்கம்மாள் கேட்டாள்.

அன்புசெல்வன் வேண்டாம்மா என்றான். படிடா என்றாள் சுமலதா. அதுவரை அவனை சார் என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு படித்தான். தன்னையும் படம் எடுக்கச் சொல்லிக் கை நீட்டி ஓடிவருகிற மீனவப் பெண், இந்த மக்களுக்குக் கேமரா என்றால் கொள்ளை ஆசை, என்று எழுதியிருந்தது.

செங்கம்மாள் காறித் துப்பினாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உரித்த இறால் வெயிலில் கிடந்தது.

அன்றிலிருந்து சுமலதாவுக்கு வந்த கோபம் இறங்கவில்லை. அந்த அட்டையைக் காட்டிச் சிரித்த தன் வாயின்மேல் கோபம். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாத அம்மாமேல் கோபம். அதைக் கேட்டே விட்டாள். சொன்னா நீ இன்னா பண்ணியிருப்ப என்று செங்கம்மாள் திருப்பிக் கேட்டாள். பேக்கிங் ஹாலில் அவளைப் போட்டோ எடுத்த பெண்ணைக் கூப்பிட்டு, கண்ணெதிரே அதை அழிக்கவைத்தாள். அன்புசெல்வன் எதிரே வந்தால் வேறு பக்கம் நடந்தாள். தம்பி ஏழுமலை, நடந்தது நடந்துபோச்சு, பெரிய கம்பெனிக்காரன், கேட்டா எதுனா செய்வான் என்று மெதுவாக ஆரம்பித்தபோது, அவன் கையில் இருந்த டீ டம்ளரைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள்.

அன்புசெல்வன் லண்டன் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினான். பத்துப் பதினைந்து நாள் பதில் இல்லை. பிறகு, மிகவும் நெகிழ்ந்துபோனோம், அம்மாவோடு வீடியோவில் பேசவேண்டும் என்று பதில் வந்தது. சுமலதா ஒத்துக்கொள்ளவில்லை. செங்கம்மாள்தான் பேசலாம் என்றாள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தட்டைக் கேட்கவேண்டும் என்றாள்.

"எம்புள்ளய முன்னால வெச்சிக்கினு இன்னாதான் பாடுறான்னு பாக்கணும்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவும் மகளும் அன்புசெல்வனின் மாடி அறைக்கு வந்தார்கள். அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். செங்கம்மாள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். முள் தட்டில் இறங்கியது. கிட்டார் ஒற்றையாக, இழுத்து இழுத்து அழுதது. பிறகு ஓர் ஆண்குரல், தொண்டை கிழிகிற மாதிரி. சுமலதாவுக்கு அந்த இயந்திரத்தை அப்படியே தூக்கிக் கீழே போடவேண்டும் போலிருந்தது. செங்கம்மாள் கண்ணை மூடி ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள்.

"இன்னா சொல்லி அயுவுறான்?"

காதலி இவனை விட்டுப் போய்விட்டாளாம், ஸ்டேஷனில் நின்று ரயில் போவதையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம் என்றான் அன்புசெல்வன். அதைச் சொல்லவே அவனுக்குக் கூசியது.

"நல்லாத்தான் அயுவுறான்," என்றாள் செங்கம்மாள். "பொய்யா அயுவல. ஆனா அவன் அயுவறதுக்கு எம்புள்ள எதுக்கு?"

குறித்த நேரத்தில் மடிக்கணினித் திரையில் ஹெலன் என்கிற பெண் வந்தாள். அந்தக் கம்பெனியில் பழைய தட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவள். நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னாள். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அன்புசெல்வன் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான். படம் எடுத்தவர் இறந்து பல வருஷம் ஆகிறது. அவருக்குக் கடைசி வரை விஷயம் தெரியாது. அம்மாவுக்கு நேர்ந்ததற்கு நாங்கள் எல்லோரும் வருந்துகிறோம். அந்த வரியை மாற்றிவிடுகிறோம். அம்மா சம்மதித்தால் குப்பத்துக்கே வந்து, அவர் வாயால் இந்தக் கதையைச் சொல்லவைத்து ஒரு சிறிய படம் எடுக்க விரும்புகிறோம். அந்தக் கரையில், அதே இடத்தில் அம்மா உட்கார்ந்தால் போதும்.

"அதே எடத்துலயா?" என்றாள் சுமலதா. "கேளு அவள. அவ புள்ள செத்த எடத்துல அவ போய் உக்காருவாளான்னு கேளு."

செங்கம்மாள் மகளின் முழங்காலில் கை வைத்து அடக்கினாள். தனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றாள். அட்டையிலிருந்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும்.

ஹெலன் விளக்கினாள். படத்தின் உரிமை எடுத்தவரின் குடும்பத்திடம் இருக்கிறது, தட்டு என்றாலே அந்தப் படம்தான் எல்லோர் மனசிலும் நிற்கிறது, அட்டையை மாற்றுவது தன் கையில் இல்லை. அன்புசெல்வன் இதைச் சொல்லி முடிக்கும்போது செங்கம்மாள் கேட்டாள்.

"எத்தினி ஊட்ல இருக்கறான் எம்புள்ள?"

அவன் அதை இங்கிலீஷில் சொல்லாமல் தயங்கினான். சொல்லு என்று சுமலதா அதட்டினாள். சொன்னான். ஹெலனுக்குக் கேள்வியின் கனம் புரிந்ததா தெரியவில்லை. ஆறுதலாகச் சொல்வது போல, நல்ல செய்தி சொல்வது போல, இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் என்றாள்.

செங்கம்மாள் அன்புசெல்வனிடம் கத்தரிக்கோல் கேட்டாள். அவன் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். கனமான அட்டை, லேசில் வெட்டுப்படவில்லை. திரைக்கு நேராக உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் மடியிலிருந்து தேசப்பனை வெட்டினாள். தலை, தோள், மடங்கிய கால் என்று ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள். நிறுத்தும்படி ஹெலன் ஒரு முறை சொன்னாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்டிய துண்டை செங்கம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள். நடுவில் ஓட்டை விழுந்த அட்டையைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ஒண்ணு நான் எடுத்துட்டேன். மிச்சத்த நீ எடு."

அன்புசெல்வன் அதை வார்த்தை பிசகாமல் சொன்னான். சொல்லிவிட்டு இணைப்பை அவனே துண்டித்தான்.

மறுநாள் விடிந்ததும் செங்கம்மாள் குப்பத்துச் சுடுகாட்டுக்குப் போனாள். குழந்தைகளைப் புதைக்கிற மேட்டில் கையாலேயே குழி தோண்டி அந்தத் துண்டைப் புதைத்தாள். சுமலதா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் அழவில்லை.

புத்தகத்தில் இருந்த இன்னொரு படத்தைச் செங்கம்மாள் விடவில்லை. தேசப்பன் கண் திறந்திருக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்தப் பக்கத்தை அன்புசெல்வன் கிழித்துக் கொடுத்தான். பொன்னேரியில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கக் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர், நீட்டிய கையை வெட்டிவிட்டுத் தாய், பிள்ளை முகத்தை மட்டும் வைத்தால் லட்சணமாக இருக்கும் என்றார். சுமலதாவும் அதுதான் நல்லது என்று நினைத்தாள். அம்மா கூடாது என்றுவிட்டாள். நான் கேட்டேன்னு தெரியணும் என்றாள். படம் இப்போது ஏழுமலை வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவனுடைய பிள்ளைகள் அந்த நாலு வயசுப் பையனைக் காட்டி, பெரியப்பா என்று சொல்கிறார்கள்.

லண்டன் கம்பெனி அட்டையை மாற்றவில்லை. அந்த வரியை மாற்றி, தேசப்பன் என்ற பெயரை எழுத்துப் பிழையோடு போட்டு, நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி அடுத்த பதிப்பை வெளியிட்டது. விஷயம் பத்திரிகைகளில் வந்தது. உண்மை தெரிந்த பிறகு தட்டு இன்னும் வேகமாக விற்கிறது என்று அன்புசெல்வன் ஒருநாள் கேன்டீன் வாசலில் வைத்துச் சொன்னான். தன்னிடம் சொல்லாமல் இருக்க அவனுக்கு மனசு வரவில்லை என்பது சுமலதாவுக்குப் புரிந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனாள். அன்றைக்கு யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அதற்கு ஒரு மாசம் கழித்து, வேலைக்குப் போகக் காலை ரயிலில் பொன்னேரியில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் இடமில்லாததால் பொதுப் பெட்டி. எதிரே காலேஜ் பையன் ஒருவன் காதில் இயர்போன் மாட்டித் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் பனியனில் அந்தப் படம் இருந்தது. செங்கம்மாளின் தலை அவன் நெஞ்சில், தேசப்பன் வயிற்றில், மூச்சு விடும்போதெல்லாம் பிள்ளை அசைகிற மாதிரி.

சுமலதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவன் காதில் இருந்ததைப் பிடுங்கினாள்.

"இது யார்னு தெரியுமாப்பா?"

ஏதோ மியூசிக் பேண்டு, ஆன்ட்டி, என்றான் அவன்.

"இவங்க எங்கம்மா. இவன் எங்கண்ணன். செத்துக் கெடக்கறான். அவன மேல மாட்டிக்கினு நீ காலேஜுக்குப் போய்க்கினு இருக்கற."

பையனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். புயலிலிருந்து தொடங்கி, உதட்டில் வைத்த விரல் வரைக்கும் சொன்னாள். மெதுவாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை. பெட்டியில் இருந்த ஸ்டீல் கம்பெனி ஆட்கள், மீன்கூடைப் பெண்கள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர், பாவம்மா, அந்தப் பையனுக்கு இன்னா தெரியும், உட்டுடு என்றார். தெரியாதுன்னுதான் சொல்றேன், இப்ப தெரிஞ்சிக்கட்டும் என்று அவர் பக்கம் திரும்பியும் கத்தினாள்.

பையன் முகம் சிவந்து நின்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் பனியனைத் தலைவழியாகக் கழற்றினான். உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி போட்டுக்கொண்டான். தையல் வெளியே தெரிந்தது. சாரி என்று முணுமுணுத்தான்.

அவள் கும்மிடிப்பூண்டியில் இறங்கினாள். பிளாட்பாரத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.